ஒரு மீட்டர் அகலம்

தமிழ்க் கவிதையில் ரயில் அளவுக்கு மீறி ஓடிக்கொண்டிருக்கிறது என்று நண்பர் ஒருவர் கடிதத்தில் அலுத்துக்கொண்டிருந்தார். பிரிவு என்றால் ரயில், காலம் என்றால் ரயில், சாவு என்றாலும் ரயில்தான். மறுப்பதற்கில்லை. இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. 1979ல், மூன்றே இதழ்களோடு நின்றுபோன ஒரு சிறு பத்திரிகையில் பதினொரு வரிக் கவிதை ஒன்று எழுதினேன். கடைசிவரை சேராமலே கூடப் போகும் இரண்டு தண்டவாளங்களைப் பற்றியது. அன்று அது எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. அதே கண்டுபிடிப்பை எனக்கு முன்பும் பின்பும் இருபது பேராவது செய்திருப்பார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

பத்திரிகை தபாலில் வந்த அன்று அப்பா வீட்டில் இருந்தார். எட்டாவது வரை படித்தவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன். பிறகு, "சேரவும் கூடாது, விலகவும் கூடாது. அதுக்குத்தானப்பா எனக்குச் சம்பளம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

கேலி இல்லை. அவருக்குக் கேலி பேச வராது. தகவலாகத்தான் சொன்னார். அதற்கப்புறம் நான் ரயிலை வைத்துக் கவிதை எழுதவில்லை.

அப்பா திண்டுக்கல்–பழனி மீட்டர்கேஜ் பாதையில் கீமேன். கீமேன் என்றால் என்ன என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களில் பாதிப்பேருக்காவது சொல்லித்தான் ஆகவேண்டும். தண்டவாளத்தைச் சிலிப்பரோடு இறுக்கிப் பிடித்திருப்பது 'கீ' என்கிற இரும்பு ஆப்பு. வண்டி ஓட ஓட அதிர்வில் ஆப்பு நெகிழும். ஆப்பு நெகிழ்ந்தால் தண்டவாளம் வெளிப்பக்கமாக நகரும். நகர்ந்தால் வண்டி இறங்கிவிடும். ஒவ்வொரு கேங்குக்கும் ஒதுக்கிய சில மைல் நீளத்தைத் தினம் ஒருவர் முழுக்க நடந்து பார்க்கவேண்டும். தோளில் நீண்ட பிடி போட்ட சுத்தியல், ஸ்பானர், சிவப்புக் கொடி. போகும்போது ஒரு தண்டவாளம், திரும்பும்போது மற்றது. நெகிழ்ந்த ஆப்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் அடி. மழையிலும் இதே நடை, கத்திரி வெயிலிலும் இதே நடை. இணைகோடுகள் என்று நாம் கணக்குப் புத்தகத்தில் படிப்பது வேறு. அவை தாமாகவே இணையாக இருக்கும். பூமியின் மேல் கிடக்கிற இரண்டு இரும்புகளை யாராவது தினம் அடித்து அடித்து இணையாக வைத்திருக்க வேண்டும்.

அந்த இடைவெளி சரியாக ஒரு மீட்டர். இந்த மீட்டருக்கு ஒரு விசித்திரமான சரித்திரம் உண்டு. இந்தியாவில் முதலில் போட்ட பாதைகள் ஐந்தரை அடி அகலம். செலவு கட்டுப்படியாகவில்லை என்று 1870ல் வைஸ்ராய் மேயோ பிரபுவின் சர்க்கார் குறுகலான பாதைக்குத் தீர்மானித்தது. மூன்றேகால் அடியை ஒட்டி ஓர் அகலம் என்று பேசி, இந்த தேசத்தில் சீக்கிரமே மெட்ரிக் அளவுமுறை வரப்போகிறது என்ற நம்பிக்கையில், அதை ஒரு முழு மீட்டர் ஆக்கினார்கள். மேயோ 1872ல் அந்தமானில் கத்திக்குத்தில் இறந்துபோனார். மெட்ரிக் முறை வரவில்லை. 1950களின் பிற்பகுதியில்தான் வந்தது. அதுவரை ஏறக்குறைய எண்பது வருஷம் எங்கள் சமவெளியில் எல்லோரும் முழத்திலும் கஜத்திலும் அடியிலும்தான் அளந்தார்கள். மீட்டர் என்ற ஒன்று இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் மட்டும், யாரும் அதை மீட்டர் என்று உணராமல், கிடந்தது. வராத ஒரு எதிர்காலத்துக்காக வெட்டிவைத்த அளவு. நம் நவீனத்துவத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம்; எனக்கு ஆட்சேபணை இல்லை.

பாதையின் சரித்திரம் சுருக்கமாக: கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா என்ற லண்டன் கம்பெனி நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிவரை 1860களின் தொடக்கத்தில் அகலப்பாதை போட்டது. போட்ட முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி நிச்சயம் என்று சர்க்கார் உத்தரவாதம். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் வட்டி உண்டு. வராவிட்டால் நம் வரிப்பணம். 1874ல் அது கர்நாடிக் கம்பெனியோடு சேர்ந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆயிற்று. 1875ல் திருச்சியிலிருந்து மணப்பாறை, திண்டுக்கல் வழியாக மதுரைக்கு மீட்டர்கேஜில் வண்டி ஓடியது. அதே சமயத்தில் நாகப்பட்டினத்துப் பாதையையும் குறுக்கி மீட்டராக்கினார்கள். திருச்சி–ஈரோடு பாதையின் கதை இன்னும் வேடிக்கை. முதலில் அகலம், பிறகு மீட்டர், 1929 வாக்கில் மறுபடியும் அகலம். தையற்காரன் சட்டையைப் பிடிப்பதும் பிரிப்பதும் போல.

'வழியாக' என்று மேலே எழுதினேன். எழுதியபின் அந்த வார்த்தையிலேயே நிற்கிறேன். அமெரிக்காவில் பால்டிமோர்–ஒஹையோ என்று ஒரு ரயில்பாதை. அங்கே தொடங்கிய மிகப் பழைய பாதைகளில் ஒன்று. 1825ல் ஈரி கால்வாய் திறந்து வியாபாரமெல்லாம் நியூயார்க்குக்குத் திரும்பியதும், பால்டிமோர் வியாபாரிகள் ஊர் செத்துவிடும் என்று பயந்து தாங்களே கூடிப் பேசி 1827ல் கம்பெனி ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷம் ஜூலை 4ஆம் தேதி வேலையைத் தொடங்கிவைத்தவர் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் அன்று உயிரோடிருந்த ஒரே ஒருவர், தொண்ணூறு வயதுச் சார்ல்ஸ் கரோல். ஒரு ஊர் தன் பயத்திலிருந்தும் தன் பேராசையிலிருந்தும் போட்டுக்கொண்ட பாதை அது. நல்லதோ கெட்டதோ, அவர்களுடையது. திண்டுக்கல்லை யாரும் கேட்கவில்லை. கடலுக்கும் கடலுக்கும் நடுவில், நாகப்பட்டினத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில், கரிசல் காட்டுப் பருத்தி துறைமுகத்துக்குப் போகிற பாதையில் கடந்தாக வேண்டிய ஒரு சமவெளி நாங்கள். பாதை எங்களிடம் வரவில்லை. எங்களைக் கடந்தது.

கடந்தவர்கள் பெரிய மனிதர்கள். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் தூத்துக்குடியில் இறங்கி, மணியாச்சி, மதுரை என்று புத்தம் புதிய இந்தப் பாதையில் திருச்சிக்குப் போனார். 1921ல் சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வந்த காந்தி, கதர் வாங்க எங்களுக்குக் கட்டாது என்று சக பிரயாணிகள் சொல்லக் கேட்டார். செப்டம்பர் 22ஆம் தேதி மதுரையில் இடுப்புத் துண்டோடு வெளியே வந்தார். நடுவில் நாங்கள் ஜன்னலுக்கு வெளியே மலைக்கோட்டையாகவும் புகையிலைக் காடாகவும் ஓடிக்கொண்டிருந்தோம்.

திண்டுக்கல்லுக்குத் தெற்கே இரண்டாவது ஸ்டேஷனைப் பாருங்கள். ஊர் அம்மையநாயக்கனூர். ஆரம்பத்தில் ஸ்டேஷனுக்கும் அதுதான் பெயர். 1845ல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார்கள் வெயிலுக்குப் பயந்து கொடைக்கானலில் குடியேறியிருந்தார்கள். ரயில் வந்தபின் துரைமார்கள் இங்கே இறங்கி, மாட்டுவண்டியில் மலையடிவாரத்துத் தோப்புக்குப் போய், அங்கிருந்து ஆள் தூக்கிக்கொண்டு மேலே போவார்கள். ஸ்டேஷன் பெயர் கொடைக்கானல் ரோடு ஆகிவிட்டது. மலை அங்கிருந்து எண்பது கிலோமீட்டர். நிற்கிற ஊரின் பெயரைத் துடைத்துவிட்டு, போகிற ஊரின் பெயரை எழுதிவைப்பதுதான் எங்கள் பக்கத்து ரயிலின் சுபாவம். இதற்குமேல் இதற்குக் குறியீடு வேண்டாம்.

இதில் பெரிதாகக் குறைபட ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம், அடுத்த வருஷம் மட்டும் இல்லாதிருந்தால். ரயில் வந்தது யுவ வருஷம். அடுத்தது தாது. 1876ல் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று என் பாட்டி சொன்னதையும், பிரிட்டிஷ் அறிக்கைகள் 1876–78 மகா பஞ்சம் என்று எழுதியதையும் ஒரே சம்பவமாகச் சேர்த்துப் பார்க்க எனக்கு வெகு காலம் பிடித்தது. ஒன்று வீட்டுக்குள் கேட்டது, மற்றது நூலகத்தில் படித்தது. இரண்டுக்கும் நடுவில் பாலம் இருக்கக்கூடும் என்றே தோன்றவில்லை.

ரயில் பஞ்சத்தைத் தீர்த்ததா, கூட்டியதா என்ற சர்ச்சை அன்றே தொடங்கிவிட்டது. துறைமுகங்களில் வந்து இறங்கிய வங்காள அரிசியும் பர்மா அரிசியும் உள்நாட்டுக்கு ரயிலில்தான் வந்தன, இது உண்மை. தானியம் விலை அதிகமான இடத்தைத் தேடிப் போவதற்கும் அதே ரயில்தான் வழி, இதுவும் உண்மை. வாங்கும் சக்தி இல்லாத கிராமத்தின் குதிரிலிருந்து வாங்கும் சக்தி உள்ள ஊருக்கு நெல் ஒரே ராத்திரியில் போய்விட முடிந்தது. ரயிலுக்கு முன்னால் ஓர் ஊரின் விளைச்சல் ஓரளவு அந்த ஊரின் விலையாக இருந்தது. தண்டவாளம் வந்தபின் விலை எல்லா ஊருக்கும் பொது, பசி மட்டும் அந்தந்த ஊருக்குச் சொந்தம். தனியார் வியாபாரத்தில் தலையிடக்கூடாது என்பது வைஸ்ராய் லிட்டனுடைய சர்க்காரின் சித்தாந்தம். சென்னை கவர்னர் பக்கிங்காம் கோமகன் தானியம் வாங்கிச் சேர்த்ததற்கே அதிருப்தி கிளம்பியது. 1877ல் ரிச்சர்ட் டெம்பிள் வந்து, நிவாரண வேலை செய்கிறவனுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சொற்பக் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். கல் உடைக்கிறவனுக்கு ஒரு பவுண்டு. இன்னொரு பக்கம் ஆர்தர் காட்டன், ரயிலில் கொட்டுகிற பணத்தில் கால்வாய் வெட்டியிருந்தால் பயிரும் விளையும், படகும் ஓடும் என்று சலிக்காமல் வாதாடிக்கொண்டிருந்தார். 1880ல் அறிக்கை கொடுத்த பஞ்சக் கமிஷன் இன்னும் அதிக ரயில் வேண்டும் என்றது.

பாட்டி சொன்னதில் ரயிலே கிடையாது. அவளுடைய பாட்டியின் அண்ணன் தம்பி மூன்று பேர் தாது வருஷத்தில் 'கண்டிச் சீமைக்குப் போனவர்கள், போனவர்கள்தான்'. இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு. எப்படிப் போனார்கள் பாட்டி, ரயிலிலா என்று கேட்டேன். "அது தெரியாது சாமி, போனாங்க" என்றாள்.

இந்த இடத்தில் வத்தலக்குண்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் நம்மில் சிலருக்குக் கோபம் வரும். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமய்யர் அங்கே பிறந்தது 1872ல். ரயில் வந்தபோது மூன்று வயது. இருபத்தாறு வயதில் போய்விட்டார். மணிக்கொடி பி. எஸ். ராமையா அந்த ஊர்க்காரர். 'எழுத்து' நடத்திய செல்லப்பா வளர்ந்ததும் அங்கேதான். தமிழ் உரைநடையிலும் சிறுகதையிலும் புதுக்கவிதையிலும் இத்தனை காரியம் நடக்கக் காரணமான அந்த ஊருக்கு இன்றுவரை ரயில் கிடையாது. ரயில் என்றால் கொடைரோட்டுக்கு வரவேண்டும். ரயில் வந்ததால் நவீனம் வந்தது என்று ஒற்றை வரியில் முடிக்கிற சமூகவியல் விமர்சகர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ தெரியாது. நான் இதிலிருந்து எதிர்ப்பக்கத்துச் சித்தாந்தம் ஒன்றையும் கட்டப் போவதில்லை. புத்தக மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கிய செல்லப்பாவை நினைக்கும்போது மட்டும், சுத்தியலைத் தோளில் போட்டு நடக்கிற இன்னொரு ஆளும் கூடவே ஞாபகத்துக்கு வருகிறார். பொருத்தம் சரியா என்று நான் யோசிப்பதில்லை.

திண்டுக்கல் ஜங்ஷன் ஆனது 1928 நவம்பரில், பழனி வழியாகப் பொள்ளாச்சிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் பாதை திறந்தபோது. போத்தனூர்–பொள்ளாச்சி முன்பே, 1915ல் வந்துவிட்டது. அந்த 1928ஆம் வருஷமே ஜூலையில் சவுத் இந்தியன் ரயில்வே தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்து தோற்றிருந்தார்கள். சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறைக்குப் போனார்கள். நான்கு மாதம் கழித்து மாலையும் தோரணமுமாகப் பழனிக்கு வண்டி. முருகன் யாரிடமும் ஒன்றும் கேட்பதில்லை. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து நடந்து போவதும், வேண்டுதல் முடிந்ததும் ரயிலில் ஏறி ஒட்டன்சத்திரம் தாண்டுமுன் தூங்கிவிடுவதும் எங்கள் பக்கத்துப் பக்தி. இந்தப் பாதை ஒன்றைத்தான் எங்களுடையது என்று சொல்லத் தோன்றும். மெதுவாகப் போகும். ஒய்.பி. எஞ்சின் அக்கரைப்பட்டியில் மூச்சு வாங்குவதைக் கேட்டால் வயிற்றில் ஏதோ செய்யும். அப்பா அந்தப் பக்கத்துக் கேங் குடியிருப்பில் தங்கியிருப்பார். என் படிப்புக்காக அம்மாவும் நானும் நாகல் நகரில். வாரம் ஒருநாள் வருவார். கால் பாதங்கள் ஜல்லிக் கல்லின் நிறமாகவே இருக்கும்.

1974 மே மாதம் 8ஆம் தேதி நாடு முழுக்க ரயில்வே வேலைநிறுத்தம் ஆரம்பித்தது. இருபது நாள் நடந்தது. அப்பா யூனியன்காரர், முதல் நாளே இறங்கிவிட்டார். ஆயிரக்கணக்கில் கைது, குடியிருப்புகளிலிருந்து குடும்பங்களை வெளியேற்றியது எல்லாம் பேப்பரில் வந்துகொண்டிருந்தது. அப்பா நாகல் நகர் வீட்டில் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போது பதினாறு வயது. என் அப்பா வேலைநிறுத்தத்தில் இருக்கிறார் என்று சிநேகிதர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிற்காலத்தில் தோழர்கள் வட்டத்தில் அதுவே எனக்கு ஒரு தகுதிச் சான்றிதழாகவும் உதவியது. கட்டுரைகளில் இரண்டு மூன்று இடத்தில் பயன்படுத்தியும் இருக்கிறேன்.

அப்பா 1996ல் இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போனபின் அம்மா சொன்னாள். அந்த வேலைநிறுத்த நாட்களில் ராத்திரி இரண்டு மணிக்குமேல் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவாராம். வீட்டில் கிடந்த பழைய சுத்தியலைச் சாக்கில் சுற்றிக் கேரியரில் கட்டிக்கொள்வாராம். ராணுவத்தை வைத்து ஒன்றிரண்டு வண்டி விடப் போகிறார்கள் என்று ஊரில் பேச்சு இருந்திருக்கிறது. தன் நீளத்தில் கீ எல்லாம் நெகிழ்ந்திருக்கும் என்று அவருக்குத் தூக்கம் வரவில்லை. விடிவதற்குள் தெரிகிற மட்டும் அடித்துவிட்டு, வெயில் ஏறுமுன் திரும்பித் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். எத்தனை நாள் என்று கேட்டேன். நாலைந்து நாள் இருக்கும் என்றாள். "யூனியன்ல தெரிஞ்சா கருங்காலிம்பாங்க, ஆபீசுல தெரிஞ்சா பயந்துட்டான்ம்பாங்க, யாருகிட்டயும் வாயத் தொறக்காதேன்னாரு" என்றாள்.

இதை இதுவரை நான் எழுதியதில்லை. எழுதினால் என் சான்றிதழ் போய்விடும் என்ற பயமும் ஒரு காரணம். இப்போது தோழர்களில் பலர் இல்லை. இருப்பவர்களோடும் அந்தச் சண்டைகள் இல்லை. அவர் செய்தது துரோகமா என்று பல வருஷம் எனக்குள் வழக்கு நடத்தியிருக்கிறேன். கம்பெனிக்கோ சர்க்காருக்கோ அவர் விசுவாசமாக இருந்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. வேலைநிறுத்தத்தில் நம்பிக்கை இல்லாமலும் இல்லை; கடைசி நாள்வரை கையெழுத்துப் போடப் போகவில்லை. இரண்டு இரும்புகளுக்கு நடுவில் ஒரு மீட்டர் இருக்கவேண்டும் என்பதில் அவர் எந்தப் பக்கமும் இல்லை என்றுதான் சொல்ல முடிகிறது. இதற்கு நம் விமர்சன பாஷையில் பெயர் இருக்கிறதா என்று தேடினேன். கிடைத்த பெயர்கள் எல்லாம் அவருக்குப் பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தன.

மீட்டர் இப்போது இல்லை. 1980களின் பிற்பகுதியில் கரூரிலிருந்து அகலப்பாதை வந்தது. திருச்சிப் பாதையை 1990களின் கடைசியில் மாற்றினார்கள். பழனிப் பாதையை இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடிகிற சமயத்தில் மூடி, பிரித்துப் போட்டு, 2015ல் பொள்ளாச்சிவரை அகலமாக்கி முடித்தார்கள். தேவையான காரியம்தான். பழைய வண்டிக்காகக் கண்ணீர் விடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. அவர்கள் அதில் தினம் வேலைக்குப் போனவர்கள் இல்லை.

போன தை மாதம் பழனிக்குப் போகிற பாதசாரிகளோடு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, ஒட்டன்சத்திரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கேட்டருகில் நின்றேன். கான்கிரீட் சிலிப்பர். ஆப்புக்குப் பதில் வளைந்த இரும்பு கிளிப். ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட இளைஞர் ஒருவர் சுத்தியலைத் தோளில் வைத்துக்கொண்டு, ஒரே தண்டவாளத்தைப் பார்த்தபடி வந்தார். நின்று தண்ணீர் குடித்தார். பேச்சுக் கொடுத்தேன்.

"எங்கப்பாவும் இந்தப் பாதையில கீமேன் தம்பி. மீட்டர்கேஜ் காலத்துல."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பிடிங்களா! எந்த நீளமுங்க அய்யா? எந்தக் கிலோமீட்டர்லருந்து எது வரைக்கும்?"

1875 தெரியும், 1928 தெரியும், மேயோ பிரபு செத்த வருஷம் தெரியும். அவர் இன்னொரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, நான் யோசிக்கிறேன் என்று நினைத்து, காத்திருந்தார்.